கரட்டில் வைத்த எதிர்த்தீ

எங்கள் குடும்பத்தில் அப்போது ஆடு ஒரு கட்சி, மரம் ஒரு கட்சி. ஆட்டுக் கட்சிக்குப் பெரியப்பா தலைவர். மரக் கட்சிக்கு அவருடைய கூடப்பிறந்த தங்கை, அதாவது என் அத்தை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதன் இந்தப் பக்கம் பெரியப்பாவின் ஆட்டுக்கொட்டம், அந்தப் பக்கம் அத்தை வளர்க்கிற நாற்றுப் பைகள். சுவர் மட்டும் இல்லாவிட்டால் ஒரே நாளில் மரக் கட்சி இல்லாமல் போயிருக்கும் என்று அம்மா சொல்வாள். அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. அப்பா கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலையாக இருந்து, வாரக் கடைசியில் ஜீப்பில் வந்து போகிறவர். அதனால் அவருக்கு எந்தப் பக்கமும் ஓட்டு இல்லை.

சண்டைக்குக் காரணம் ஊருக்கு மேற்கே இருந்த கரடு என்கிற சின்னக் கல்குன்று. மயிலாடும்பாறையிலிருந்து மலையைப் பார்த்து வரும் மினிபஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். அதற்கு மேல் ரோடு கிடையாது, கரடுதான். நான் பிறப்பதற்கு முன் அது வெறும் கல்லும் முள்ளுமாகக் கிடந்ததாம். விறகுக்கு வெட்டி, ஆடு மாடு மேய்ந்து, ஒரு மழை பெய்தால் மண்ணெல்லாம் கரைந்து ஊருக்குள் வந்து நிற்குமாம். கரட்டின் அடியில் இருந்த ஊற்று வற்றிப்போய், பெண்கள் குடத்தை இடுக்கிக்கொண்டு பக்கத்து ஊர் மோட்டாருக்கு அலைந்திருக்கிறார்கள். அப்படி அலைந்தவர்களில் அத்தையும் ஒருத்தி. மரம் வைக்க ஊரில் ஒரு குழு போடுங்கள் என்று வனத்துறைக்காரர்கள் வந்து சொன்னபோது, யார் தலைவர் என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் பேசி முடிப்பதற்குள் அத்தை நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டாளாம். பிறகு வேறு யாரைத் தலைவராகப் போடுவது?

வேம்பு, புங்கை, நாவல், உசிலை, நெல்லி என்று வைத்தார்கள். கோடையில் குடம் சுமந்து ஊற்றினார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை போட்டுக் காவல் காத்தார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது கரட்டின் கீழ்ப்பாதி நல்ல நிழலாகியிருந்தது. ஊற்றிலும் தண்ணீர் திரும்பி வந்திருந்தது. மேல்பாதியில் அப்போதுதான் கன்று நட்டிருந்தார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே பழைய வண்டிப்பாதை ஒன்று குறுக்காகப் போகும்.

இதில் ஆடுகளுக்கு இடமில்லை. கரட்டை அடைத்த வருஷம், ஆடு வைத்திருந்தவர்களை எல்லாம் மந்தையம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டுச் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்கள். மீறினால் ஆடுகளைப் பிடித்து ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கட்டிவிடுவார்கள். ஆட்டுக்காரர் ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டு மீட்டுக்கொண்டு போக வேண்டும். பெரியப்பாவும் சூடம் அணைத்தார். "என் ஆடு கரட்டுக்குள்ள வாய் வைக்காது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, "கூடப் பொறந்தவளே வேலி போட்டுட்டா" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். இதுவும் ஊருக்கே தெரியும்.

நான் சொல்ல வந்த வருஷம் ஐப்பசி மழையும் ஏமாற்றியது, கார்த்திகை மழையும் ஏமாற்றியது. மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகியது. தை பிறந்ததிலிருந்து பெரியப்பா ஆடுகளை ரோட்டோரத்திலும் கருவேலங்காட்டிலும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கமோ, பல வருஷமாக எந்த வாயும் மேயாத புல் என் இடுப்புக்கு மேல் வளர்ந்து காய்ந்து நின்றது. ஆடுகள் வேலியோரமாக நின்று புல்லைப் பார்க்கும். பெரியப்பா நின்று ஆடுகளைப் பார்ப்பார்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் கிடையாது. அதனால் நான் பாதிப் பொழுது அங்கேதான் கிடப்பேன். ஒருநாள் பெரியம்மா கூழ் கரைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டே, "ஏத்தா, ஓடைப் பக்கம் ஆட்டுக்குப் போறேன், வாரியா?" என்றாள். ஓடைப் பக்கம் என்றது பொய்யில்லை. அந்த ஓடை கரட்டுக்குள்ளே தொடங்குகிறது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

பெரியப்பா எங்களோடு உள்ளே வரமாட்டார். கரட்டின் கிழக்கு மூலையில், வண்டிப்பாதை வேலியைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு முள்கொப்பை இழுத்து வழி விடுவார். நாங்கள் நுழைந்ததும் கொப்பைப் பழையபடி இழுத்து வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல டீக்கடைக்குப் போய்விடுவார். ஆட்டு மணிகளுக்குள் பெரியம்மா கிழிந்த துணியை அடைத்திருந்தாள். சத்தியம் செய்தது பெரியப்பா, ஆட்டை உள்ளே விட்டது பெரியம்மா. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் மந்தையம்மனுக்குக் கணக்கு புரியாது என்று நினைத்தார்களோ என்னவோ.

மேல்பாதியில் ஒரு பள்ளம் உண்டு. சுற்றிலும் பாறை இருந்ததால் கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. அங்கேதான் முதலில் மேய்த்தோம். ஆடுகள் நிமிராமல் மேய்ந்தன. சில நாட்களில் பள்ளம் முழுக்கப் புல் தீர்ந்து, கூட்டிப் பெருக்கிய வாசல்போல மண் தெரிந்தது. அங்கே இருந்த கன்றுகளையும் அவை விட்டுவைக்கவில்லை. பெரியம்மா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குப் பள்ளத்தை விட்டு இன்னும் மேலே, புல் அடர்ந்த பக்கம் ஓட்டிக்கொண்டு போனோம்.

உச்சிப்பொழுது தாண்டியிருக்கும். எனக்குத்தான் முதலில் வாடை தெரிந்தது.

"பெரியம்மா, என்னமோ கருகுது."

"ஊருக்குள்ள எவளாச்சும் மொளகா வறுப்பா" என்றாள் பாறை நிழலில் படுத்திருந்த பெரியம்மா, கண்ணைத் திறக்காமல்.

கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து உட்கார்ந்தாள். ஆடுகள் மேய்வதை நிறுத்தியிருந்தன. எல்லாம் ஒரே திசையில் காதை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தன. உச்சிக்கு அந்தப் பக்கமிருந்து புகை எழும்பி, காற்றில் மடிந்து, எங்கள் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. புகைக்கு அடியில் சேலைக் கரைபோல மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. தீ என்றால் பெரிதாக எரியும் என்று நினைத்திருந்த எனக்கு, இவ்வளவுதானா என்று இருந்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. சோளம் பொரிக்கிற மாதிரி, ஆனால் நிற்காத சத்தம். யார் வைத்த தீ என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"ஆத்தா, அந்தச் சினையாட்டப் பிடி. மத்தது தன்னால வரும். வெரசா!"

புல்லுக்குள்ளிருந்து கௌதாரிகள் பறக்காமல் எங்கள் காலுக்கு நடுவிலேயே ஓடின. ஒரு முயல் என் பாவாடையில் மோதிவிட்டுப் போனது. அதைப் பிடிக்கவா என்று கேட்டேன். பெரியம்மா கம்பால் புல்லை அடித்துக்கொண்டே ஆடுகளைக் கிழக்கு மூலைக்கு விரட்டினாள். தீ இன்னும் நல்ல தூரத்தில்தான் இருந்தது. அந்த வழியில் நேராகப் போயிருந்தால் சாவகாசமாக வெளியே வந்திருப்போம்.

ஆனால் மூலை கண்ணில் படும்போது பெரியம்மா சட்டென்று நின்றாள். வண்டிப்பாதை முழுக்க ஆட்கள். ஊரே வந்துவிட்டது. மண்வெட்டியும் அரிவாளுமாகப் பாதையோரப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பச்சைக் கொப்புகளை ஒடித்துக் கையில் வைத்திருந்தார்கள். நாங்கள் நுழைந்த முள்கொப்பு அவர்கள் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அதை இழுத்து வெளியே வந்தால், மொத்த ஊரின் முன்னாலும் ஆடுகளோடு வரவேண்டும்.

பெரியம்மா என்னைப் பிடித்து ஒரு புதருக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அப்போதுதான் அத்தையின் குரல் கேட்டது. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூப்பிடுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"மேல யாராச்சும் இருக்கீகளா? ஏலேய், யாராச்சும் இருந்தா சத்தம் குடுங்க!"

அத்தை கூப்பிடுகிறாள், பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு இயல்பாகவே வாய் திறந்தது. "அத்..." என்பதற்குள் பெரியம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. ஆட்டு வாடை அடிக்கிற, காய்ப்புக் காய்த்த கை.

"சும்மா இருத்தா. பைய ஓடை வழியா எறங்கி அங்கிட்டுப் போயிருவோம். உங்க பெரியப்பா சத்தியம் பண்ணிருக்காகள்ல."

அத்தை மறுபடியும் கூப்பிட்டாள். கை வாயை விட்டு விலகவில்லை. பிறகு குரல் நின்றுவிட்டது.

எதிர்த்தீ என்று ஒன்று இருப்பது குழுவில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வருகிற தீ தின்பதற்குப் புல் இல்லாமல், நாமே முன்னால் ஒரு தீயை வைத்து எரித்துவிடுவது. வனத்துறைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆட்டுக் கட்சிக்கு அது தெரியாது. ஊற்றும் பெரிய மரங்களும் இருக்கிற கீழ்ப்பாதியைக் காப்பாற்ற, தான் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றிய மேல்பாதியைக் கொளுத்துவதென்று அத்தை முடிவு செய்துவிட்டாள் என்று நாங்கள் எப்படி அறிவோம்? சாவகாசம் இருக்கிறது என்றே பெரியம்மா நினைத்தாள்.

ஓடைக்குத் திரும்பி நடந்தோம். சினையாடு இழுத்த இழுப்புக்கு வரவில்லை. ஓடையின் வாய் தெரிந்தபோது, அங்கே கீழேயிருந்து புகை மேலேறி வந்துகொண்டிருந்தது. கீழே எப்படித் தீ வரும் என்று பெரியம்மாவுக்குப் புரியவில்லை. உச்சியைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள், மறுபடி உச்சியைப் பார்த்தாள். ஓடைக்குள் இருந்த ஈச்சம்புதர்கள் ஒரே மூச்சில் பற்றின. உச்சித் தீ இறங்கி வந்தது நடை என்றால், இந்தத் தீ மேட்டில் ஏறி வந்தது ஓட்டம்.

"அய்யோ! நாங்க இருக்கோம்! இங்கன நாங்க இருக்கோம்!"

பெரியம்மா அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நானும் கத்தினேன். எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. புல் வெடிக்கிற சத்தத்தில் எல்லாம் அமுங்கிப்போனது. வண்டிப்பாதை இருக்கும் திசையில் புகைச்சுவர்தான் தெரிந்தது. கண் எரிந்தது. மூச்சு இழுத்தால் நெஞ்சில் முள் குத்தியது.

எந்தப் பக்கம் ஓடுவது என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. ஆடுகளுக்குத் தெரிந்தது. முன்னால் நின்ற கிடா ஒன்று திரும்பி, பள்ளத்தைப் பார்த்து ஓடியது. மற்ற ஆடுகளும் அதன் பின்னால் ஓடின. அவை தீனி தேடி ஓடினவோ, பழகின இடம் என்று ஓடினவோ, தெரியாது. பெரியம்மா கம்பை எறிந்துவிட்டு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். நான் இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டியவள். என் கால் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு கையில் தூக்குவாளியையும் விடாமல் பிடித்திருந்தாள்.

பள்ளத்தில் வெறும் மண். நடுவில் ஆடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பெரியம்மா என்னைக் குப்புறப் போட்டு, தன் முந்தானையைக் கிழித்து, வாளியில் மிச்சமிருந்த கூழை அதில் ஊற்றி என் முகத்தில் சுற்றினாள். புளித்த கூழ் மூக்கில் ஏறியது. பிறகு என் மேல் படுத்துக்கொண்டாள். அவளுக்கு மேல் ஒரு ஆடு விழுந்து எழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்கு மேல் பெரியம்மாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் தெரிந்தது. சூடு ஒரு பக்கமிருந்து வந்தது, அடுத்தாற்போல் மறு பக்கமிருந்தும் வந்தது. பாறையில் ஏதோ வெடித்தது. பெரியம்மா மந்தையம்மனைக் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். அல்லது என் பெயரைச் சொன்னாளோ. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

மேல் தீயும் கீழ்த் தீயும் பள்ளத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. தின்பதற்கு ஒன்றும் இல்லாததால் இரண்டும் அங்கேயே அடங்கின.

நான் தலையைத் தூக்கியபோது உலகம் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவே புகைக்குள்ளிருந்து ஒரு ஆள் தள்ளாடி வந்தார். பெரியப்பா. அணையாத கங்கு மேலேயே நடந்து வந்திருக்கிறார். ரப்பர் செருப்பு உருகி, பாதத்தோடு ஒட்டியிருந்தது. வேட்டியின் ஓரம் கருகியிருந்தது. எங்களைப் பார்த்தார். பெரியம்மா எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். அவர் எங்களிடம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் முகத்தை வைத்து, ஓவென்று அழுதார். எனக்குக் கோபமாக வந்தது. தீக்குள் கிடந்தது நான், இவர் ஆட்டைக் கட்டிக்கொள்கிறாரே என்று.

அவர் பின்னாலேயே அத்தையும் அம்மாவும் இன்னும் சில பேரும் ஓடி வந்தார்கள். முருங்கைக்காய் பறிக்கப் போயிருந்த அம்மா, தீ என்று கேட்டு நேராகக் கரட்டுக்கு வந்து, கொப்போடு அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். நான் பெரியம்மாவோடு வீட்டில் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு. என்னைக் கண்டதும் அவள் கொப்பைக் கீழே போட்டாள். தூக்கவில்லை, அடிக்கவில்லை. என் கையை, காலை, தலைமுடியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

அத்தை பள்ளத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டாள். முகமெல்லாம் கரி. கையில் தீப்பந்தத்தின் காம்பு இன்னும் இருந்தது. மேய்ந்து கிடந்த தரையையும் ஆடுகளையும் பார்த்தாள். பிறகு பெரியப்பாவிடம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, தீ வைக்கிறதுக்கு முந்தி நான் உங்கிட்டத்தானே கேட்டேன்? ஒன் ஆடு மேல இல்லைல்லன்னு கேட்டேன்ல?"

பெரியப்பா ஆட்டை விடவில்லை.

"எல்லாரும் நின்னாகளே. என் ஆடு எதுக்கு அங்கன போகுதுன்னு சொன்னியேண்ணே."

"பொகையப் பாத்ததும் அவ வெளிய வந்திருப்பான்னு நெனச்சேன்" என்றார் பெரியப்பா. "அந்நேரம் வேலி மூலைக்கு வந்திருப்பான்னு நெனச்சேன் தாயி. தீ வச்சப்பறம் ஓடிப்போய்ப் பாத்தா, நான் வச்ச முள்ளு வச்ச மாதிரியே இருக்கு."

 பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா என்னிடம் கேட்டாள். "ஏண்டி, அத்தை கூப்பிட்டது ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் தெளிவாகச் சொன்னேன். "கேட்டுச்சு. நான் சத்தம் குடுக்கப் போனேன். பெரியம்மாதான் வாயப் பொத்துனாக."

அம்மாவின் விரல்கள் என் தலைமுடிக்குள் அப்படியே நின்றன.  கீழ்ப்பாதி தப்பிவிட்டது என்று வண்டிப்பாதையில் யாரோ விசிலடித்துச் சொல்வது கேட்டது. ஊற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். அந்தச் சேதிக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரியம்மா எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். அவள் தோளிலும் முழங்கையிலும் கொப்புளம். அம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா அவளோடு பேசுவாளா மாட்டாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பேசவில்லை. ஆனால் தடவுவதை நிறுத்தவும் இல்லை. பெரியம்மாதான் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் அவுக வாக்கக் காப்பாத்துறதுக்கு இந்தப் பிள்ளை வாயப் பொத்துனேன். அவுக எதக் காப்பாத்துறதுக்கு அவுக வாயப் பொத்திக்கிட்டாக?"

அம்மா, "விடுங்கக்கா" என்றாள். என்ன விடச் சொன்னாள் என்று தெரியவில்லை. எனக்கு அவர்கள் பேச்சில் அக்கறையும் இல்லை. முகத்தில் காய்ந்திருந்த கூழை உரித்து உரித்துப் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

பெரியப்பாவின் பாதங்களில் கட்டுப் போட்டு, நடக்க முடிந்ததும் ஊர்க் கூட்டம் நடந்தது. ஆடுகளை மந்தையில் கட்டியிருந்தார்கள். பெரியப்பா ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். விதிப்படி எல்லாம் முடிந்தது, கலையலாம் என்று எல்லாரும் எழுந்தபோது அத்தை நடுவில் வந்து நின்றாள். அவளும் விழுந்து கும்பிட்டாள்.

"நீ எதுக்குத்தா விழுகுற?" என்று ஒருவர் கேட்டார்.

"பந்தம் பிடிச்சது என் கைதானே? ஒரு ஆள மேல அனுப்பிப் பாத்துட்டுல்ல வச்சிருக்கணும்."

சேலையைத் தட்டிவிட்டு எழுந்து இன்னொன்றும் சொன்னாள். இத்தனை வருஷமாக ஆட்டை விடாமல் காத்ததில் மரமும் வளர்ந்தது, அதோடு தீக்குத் தீனியும் வளர்ந்தது. ஆடு மேய்ந்த பள்ளத்துக்குள் மட்டும்தான் தீ வரவில்லை. அதனால் கோடைக்கு முன்னால் வண்டிப்பாதையை ஒட்டி நீளவாக்கில் ஒரு பட்டை அளவுக்கு ஆடுகளை விட்டுப் புல்லை மேய்க்க வேண்டும். கன்றுப் பக்கம் போகாமல் ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும்.

அண்ணனுக்காக விதியை மாற்றுகிறாள் என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. "அண்ணன் பேச்ச நம்பித்தான் தீ வச்சேன்" என்றாள் அத்தை. "இனிமே யாரு பேச்சையும் நம்பி வைக்க வேண்டாம்னுதான் சொல்றேன்." வெகுநேரம் கத்தினார்கள். முடிவில் ஒத்துக்கொண்டார்கள். மழை பெய்ததும் கறுத்துக் கிடந்த மேல்பாதியில் மறுபடி குழி வெட்டினார்கள். அந்த வருஷம் பெரியப்பா கொட்டத்திலிருந்து எருவைத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கன்றுகளுக்குப் போட்டார். யாரும் போடச் சொல்லவில்லை.

அடுத்த தையில் பட்டை மேய்க்கும் பொறுப்பு அவருக்கே வந்தது. குழுவின் விசிலை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். இப்போது மணிகளில் துணி இல்லை, கரடு முழுக்கச் சலங்கைச் சத்தம்.

மத்தியானம் பெரியம்மா சோறு கொண்டுவருவாள். வண்டிப்பாதை வரைக்கும்தான் வருவாள். தீயைக் கண்டு பயந்துபோய்விட்டாள், அதனால்தான் மேலே ஏறுவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியப்பா கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கை நீட்டினால் வாங்கிக்கொள்கிற தூரத்தில் நிற்பார். இருந்தாலும் அவள் என்னிடம்தான் சொல்வாள்.

"ஏத்தா, சோறு வந்திருக்குன்னு சொல்லு."

நான் திரும்பி, "பெரியப்பா, சோறு வந்திருக்காம்" என்பேன்.

"வச்சிட்டுப் போகச் சொல்லு" என்பார் அவர்.

"வச்சிட்டுப் போகச் சொன்னாக" என்பேன்.

வீட்டிலும் இப்படித்தான். வெந்நீர் இருக்கிறது, சைக்கிளில் டைனமோ லைட் எரியவில்லை, நாளைக்குச் சந்தை என்று எல்லாமே என் வழியாகத்தான் போய் வரும். இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு நடுவில் பேச்சைச் சுமந்துபோகிற வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தையும் தவறவிடாமல், சொன்னது சொன்னபடி ஒப்பிப்பேன்.

ஒரேயொரு நாள்தான் சொந்தமாக ஒன்று சேர்த்தேன். பெரியப்பா வெயிலில் பாறையில் காலை ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டு நின்றார். பெரியம்மா வாளியை வைத்துவிட்டு, அன்றைக்கு என்னிடம் எதையும் சொல்லி அனுப்பாமல் இறங்கிப் போய்விட்டாள். வேலை இல்லாமல் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. ஓடிப்போய், "பெரியப்பா, காலு இன்னும் வலிக்குதான்னு பெரியம்மா கேக்கச் சொன்னாக" என்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார். பெரியம்மா தூரத்தில் வளைவு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அவளா கேட்டா?"

"ஆமா."

"அவளேவா?"

"ஆமாங்கிறேன்."

பெரியப்பா வாளியைத் தொடவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றார். ஆடுகள் பட்டையை விட்டுக் கன்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. இவருக்கு இன்றைக்குப் பசி இல்லைபோல என்று நினைத்துக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு நானே ஆடுகளைத் திருப்ப ஓடினேன்.